கரண்ட் வராத கார்

"ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டுக் கடுதாசி போடுறோம்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்ததும் பூமிநாதனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இதற்கு முன் பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனது. கடுதாசிதான் வரவில்லை. இந்தத் தடவையும் கைநழுவினால் மகள் இராமலட்சுமியைக் கேட்டு இனி எவரும் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

தாய்மாமன் பெயர் வழிவிட்டான். பேருக்கும் ஆளுக்கும் ஏழாம் பொருத்தம். மாப்பிள்ளை குருநாதனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்பது, காலிக் காப்பித் தம்ளரை அவன் மறுபடி மறுபடி வாயில் கவிழ்த்ததிலேயே தெரிந்தது. இராமலட்சுமியும் கதவிடுக்கை விட்டு நகரவில்லை. ஆனால் வழிவிட்டானுக்கு இந்த ஊர்த் தண்ணீர் உப்புக் கரித்தது, வீட்டு வாசல் தலையில் இடித்தது. தன் மச்சினன் மகளைக் குருநாதனுக்கு முடிக்கப் பார்க்கிறார் என்று தரகர் பூமிநாதனின் காதைக் கடித்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா பஞ்சம்மாள், புருஷன் போன பிறகு அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவள். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. நடுவில் ஒரு தடவை காற்றாட வெளியே போய் வந்ததோடு சரி.

பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். ஊர் பார்த்த பிறகு மாற்றிப் பேச முடியாது. பூமிநாதன் மனைவி ஒரு நம்பிக்கையில் இந்த முறையும் உலை வைத்திருந்தாள். போன இரண்டு தடவையும் வடித்த சோற்றை வீட்டாரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்று தீர்த்தார்கள்.

எல்லோரும் காரில் ஏறினார்கள். குருநாதனின் அய்யா வாங்கி, இப்போது குருநாதன் வாடகைக்கு ஓட்டும் பழைய கார். செல்ஃபை அமுக்கினான். எஞ்சின் நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினான். சுற்றியதே தவிர உயிர் வரவில்லை.

குருநாதன் இறங்கி பானெட்டைத் திறந்தான். ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மாமனை முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றச் சொன்னான். பொறி பறக்கவில்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மூடிவிட்டு, கரண்ட் வரவில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றான்.

பூமிநாதனுக்கு அவமானமாக இருந்தது. வேண்டாம் என்று போகிறவர்கள் போய்த் தொலைந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழவாவது செய்யலாம். சாயல்குடிக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வரவா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம், தானே பார்த்துவிடுவதாகக் குருநாதன் அவசரமாகச் சொன்னான்.

அவன் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். காயிலைத் தொட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் மாமன்தான் ஹாண்டில் போட வேண்டியிருந்தது. பூமிநாதன் கை கொடுக்கப் போனபோது, மாமனுக்குத்தான் இந்த வண்டியின் சூட்சுமம் தெரியும் என்று தடுத்துவிட்டான். வழிவிட்டானும் பெருமையோடு சுற்றினார். வெயில் உச்சிக்கு ஏறியது. பெருமை போய் மூச்சு வாங்கியது.

சுயராஜ்யம் வந்தும் பகல் பஸ் வராத ஊர். வாங்கித் தின்ன ஒரு டீக்கடைகூடக் கிடையாது. உள்ளேயிருந்து முருங்கைக்காய்ச் சாம்பாரும் பொரித்த அப்பளமும் மணத்தன. வழிவிட்டான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பஞ்சம்மாள் முதல்முறையாகப் பேசினாள்.

"அண்ணே, நேரத்துக்குச் சாப்பிடலைன்னா ஒங்களுக்குக் கண்ணு இருட்டும். ஒரு வாய் சாப்புடுங்க."

"ஏத்தா, தெரிஞ்சுதான் பேசுறியா? கை நனைச்சா என்ன அர்த்தம்?"

"தெரியாமலா சொல்றேன். ஒங்க உசுரு எனக்குப் பெருசு."

வழிவிட்டான் காரைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். அப்புறம் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாய், சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சோறாயிற்று. ஊரே வாசலில் நின்று பார்த்தது.

அவர் கை கழுவி ஏப்பம் விட்டதும், நிச்சயத்தை எப்போது வைக்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வழிவிட்டான் ஈரக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பஞ்சம்மாள் எழுந்து போய் இராமலட்சுமியின் தலையில் பூ வைத்தாள். பூமிநாதனுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாளும் நெஞ்சில் சுமந்தது இறங்கி, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

குருநாதன் கடைசியாக ஒரு தரம் பார்க்கிறேன் என்று பானெட்டுக்குள் தலையை விட்டான். செல்ஃபை அமுக்கியதும் எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது.

பூமிநாதனுக்குப் பொறி தட்டியது. ஓட்டுகிற பக்கம் போய்க் குனிந்தார்.

"மாப்பிள்ள, மறைக்காமச் சொல்லுங்க. இது ஒங்க வேலைதான?"

"சத்தியமா நான் இல்ல, மாமா. மூடியத் திறந்தப்பவே உள்ள சுத்துற ரோட்டரக் காணோம், அது இல்லாட்டி கரண்ட் வராது. வண்டிய யாரும் எடுத்துட்டுப் போயிறக் கூடாதுன்னு எங்கய்யா தெனம் ராத்திரி அதக் கழட்டி அம்மாகிட்டதான் குடுத்து வைப்பாரு." குருநாதன் குரலைத் தாழ்த்தினான். "நானும் மூணு தடவ ஜாடையில கேட்டுட்டேன். எங்க மாமன் கை கழுவுன பொறகுதான் அம்மா மடியிலருந்து எடுத்துக் குடுத்தாக."