பேர் சொல்லாத பெண்டாட்டி

குடையை மடக்கி உதறிக்கொண்டு அவன் முன்னால் நுழைந்தான். பின்னால் சொட்டச் சொட்ட நனைந்தபடி மாரியாயி வந்தாள். பார்த்த மாத்திரத்திலேயே லேபர் ஆபீஸ் குமாஸ்தா கபிரியேல் கிராணிக்குப் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. கொட்டுகிற மழையில் தன் தலைக்கு மட்டும் குடை பிடிக்கிறவன் புருஷனாகத்தான் இருக்கவேண்டும்.

மீதிப் பாதிக்குத்தான் சோதனை.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷம் அது. தோட்டங்கள் ஆட்களைக் கழித்துவிட, வேலை இல்லாதவர்களையெல்லாம் சர்க்கார் ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. புருஷனுக்கு இங்கே வேலை இருந்தால் மட்டும் பெண்டாட்டி தங்கலாம். அவ்வளவுதான், கோலாலம்பூரில் எங்கிருந்தெல்லாமோ புருஷன்மார் முளைத்து ஆபீசுக்கு வர ஆரம்பித்தார்கள்.

அந்தப் போலிகளைப் பிடிப்பதில் நம்ம கிராணி கெட்டிக்காரர். கழுத்தில் கயிறு இருக்கிறதா என்று பார்க்கிற ஆளில்லை. மஞ்சள் கயிறுதான் பிரிக்பீல்ட்ஸ் கடைக்குக் கடை தொங்குகிறதே! புருஷன் பேர் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். மனப்பாடம் பண்ணி வந்தவள் படபடவென்று ஒப்பித்து மாட்டிக்கொள்வாள். அசல் பெண்டாட்டி செத்தாலும் சொல்லமாட்டாள். மாதா கோயில் பூசையென்றால் முதல் ஆளாக நிற்கும் அவர் மனைவி உர்சுலாவே பதினெட்டு வருஷமாக அவரை "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தச் சூட்சுமமெல்லாம் வெள்ளைக்காரத் துரைக்கு எங்கே தெரியப்போகிறது?

காலையில் மாரியாயி தனியாகத்தான் வந்து நின்றாள்.

"கப்பல்ல ஏத்திடாதீங்கய்யா. ஊர்ல போயி நிக்க எனக்கு ஒரு வாசல் கெடையாது."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. புருஷன் இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் கூட்டிக்கொண்டு வா என்று விரட்டினார். இருக்காருங்க என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடியவள், இதோ ஐந்து நிமிஷம் பாக்கியிருக்கும்போது கூட்டிவந்துவிட்டாள்.

அவன் ரயில்வே பட்டறையின் வேலைச் சீட்டை நீட்டினான். கிராணி அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. பேரைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் சோதனை எதற்கு? அவனையும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி ஓரமாக நிறுத்தினார்.

"ஒம் புருஷன் பேரு என்னம்மா?"

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லலேன்னா வெள்ளிக்கிழமை கப்பல்தான்."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போதும் ஒரு வார்த்தை வரவில்லை. கிராணிக்கோ உள்ளுக்குள் குஷி தாங்கவில்லை. கப்பலைக் காட்டிப் பயமுறுத்தியும் சொல்லவில்லையே, என்ன பொம்பளை இவள்!

"சரி, சாடையாவது காட்டு. சாமி பேரா?"

அவள் மெல்லத் தலையசைத்தாள். கிராணி சீட்டைப் பார்த்தார். ரெங்கசாமி என்று இருந்தது. ஆகா, அச்சு அசல்!

இப்படி ஒரு உத்தமியைத் தம் சர்வீசிலேயே பார்த்ததில்லை என்று துரையிடம் அளந்துவிட்டு, அவரே நின்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். மாரியாயி இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கி முந்தானைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

மழை விட்டபாடில்லை. கிராணி சன்னலோரம் வந்து நின்றார். வாசலில் ரெங்கசாமி குடையை விரித்து, முழுசையும் அவள் தலைக்கு மேலே பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டிருந்தான். கிராணிக்கு லேசாக உறுத்தியது. காதைத் தீட்டிக்கொண்டார்.

மாரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்ட ஒடனே வந்தீங்க. ஒங்க பேரு என்னண்ணே?"