விட்டுப்போன அரை

மழை மூட்டத்தால் பகலிலேயே அலுவலகத்தில் விளக்குகள் எரிகின்றன. பச்சிளம் குழந்தைகளுக்கு மருந்து ஏற்றும் கருவிக்கு இளம் பொறியாளர் ஒருத்தி எழுதிய நிரல் அவள் திரையில் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு நேற்றிலிருந்து மருந்து குறைவாகப் போயிருக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மூத்தவள் பேனா முனையால் ஒரு வரியைத் தொடுகிறாள். "ஏழு மில்லியை ரெண்டு மணி நேரத்தால வகுக்குறே. ரெண்டுமே முழு எண். அரையை வெட்டிட்டு மணிக்கு மூணுன்னு குடுக்குது. அப்புறம்தான் தசமமா மாத்துறே." "மாத்தினேனே அக்கா." "தண்ணி ஒழுகினப்புறம் குடத்தை மாத்தி என்னடி? சோதிச்சப்போ எல்லாமே இரட்டைப்படையா குடுத்திருப்பே." மேசையில் தேநீர் ஏடு கட்டிக் கிடக்கிறது. அவள் தசமமாக மாற்றும் கட்டளையை வகுத்தலுக்கு முன்னால் நகர்த்துகிறாள்; விரல் இரண்டு முறை தவறுகிறது. திரையில் 3.0 போய் 3.5 வருகிறது. கைபேசி அதிர்கிறது. வார்டு நர்ஸ். "சிஸ்டர், கண்டுபிடிச்சுட்டேன். இப்பவே அனுப்புறேன், இனி சரியா ஏறும்." மறுமுனையில் யாரோ ஒரு பெண் அழுவது தூரத்தில் கேட்கிறது. "மெதுவா அனுப்பும்மா," என்கிறாள் நர்ஸ். "மெஷினைக் கழட்டிட்டோம்."