கெவினுக்கு ஒரு கிளாஸ்

தன்னுடைய சோறு, கறி நாறுகிறதென்று சாப்பாட்டு அறையிலிருந்து தன்னை எழுப்பி, எல்லோரும் பார்க்க மழைக்குள் நின்று சாப்பிட வைத்த வெள்ளைக்காரச் சூப்பர்வைசர் கெவினுக்கு, சரோஜாதேவி தினமும் ஒரு கிளாஸ் பழச்சாறு கொடுத்தாள்.

பென்ரோஸ் தொழிற்சாலையே வாயைப் பிளந்தது. கணவன் தியாகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? அவனுக்குப் போய் ஜூஸ் குடுக்கிறீர்!"

"இஞ்சாருங்கோ, போத்தலில பழம், விற்றமின் எண்டுதான் போட்டிருக்கு. உள்ளுக்க முழுக்கச் சீனியாம். பிள்ளையின்ர பள்ளிக்கூடத்துப் பல் நர்ஸ் சொன்னவ. அண்டைக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிய என்னைப் பார்த்துச் சிரிச்சவனெல்லே? அந்தப் பல்லெல்லாம் சொத்தையாகிக் கொட்டவேணும்!"

"இதில் எதையாவது கலந்திருக்கிறாயா?" என்று முதல் நாளே கெவின் கேட்டிருந்தான். அதனால் அவளும் கூடவே ஒரு கிளாஸ் குடித்தாள், தினமும்.

ஒரு வருடம் போனது. கெவினின் பல் வரிசை வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. சரோஜாதேவிக்குத்தான் ஒருநாள் கன்னம் வீங்கிவிட்டது.

"பல் வலியா?" கெவின் உண்மையான அக்கறையோடு கேட்டான். "பேசாமல் எல்லாவற்றையும் பிடுங்கிவிடு. என்னுடைய இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அப்பா தந்த பரிசே அதுதான். இந்த நாட்டில் எங்கள் காலத்தில் அதுதான் வழக்கம்; பிறகு வாழ்நாள் முழுக்கப் பல் வைத்தியர் செலவே இல்லை."

சொல்லிக்கொண்டே மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் கழற்றி, அவள் கொடுத்த கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் ஈறு தெரியச் சிரித்தான்.