ஒரே மூக்கு, இரண்டு உடம்பு

“குண்டுன்னா உடம்பு நீளமா இருக்கணும் மச்சான். துப்பாக்கிக் குழாயை முழுசாத் தழுவிக்கிட்டுப் போனாத்தான் கோணாமப் போகும்!” என்றான் வெண்டல்.

“தழுவிக்கிட்டுப் போக அது என்ன கல்யாண நடனமா? உரச உரச ஈயம் குழாயில ஒட்டிக்கும். குட்டை உடம்புதான் சரி மாப்ளே,” என்றார் லோரன்.

ஆர்டிஸ் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லோரனுக்கும் தம்பி வெண்டலுக்கும் வசந்தத்தில் தொடங்கிய சண்டை இது. சனிக்கிழமை தவறாமல் இருவரும் இந்தச் சுடுதளத்துக்கு வந்துவிடுவார்கள். மொன்டானாக் காற்று தொப்பியைப் பறிக்கும். அதையும் மீறிக் கத்துவார்கள்.

இன்று முடிவு தெரிந்துவிடும்.

“தோத்தா குண்டு வார்க்கிற என் அச்சை வித்துட்டு வீட்டோட கிடக்கப் போறேன்,” என்று வெண்டல் சிரித்தான்.

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்காலத்தில் மனைவி மார்லா இறந்ததிலிருந்து அவன் வீட்டில் ஜன்னல் திரைகூட விலகுவதில்லை. சனிக்கிழமை மட்டும்தான் சவரம் செய்துகொள்கிறான். அந்த மழித்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள். சண்டை தீர்ந்துபோனால் அந்த முகமும் போய்விடும்.

காலையில் லோரனிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

“அவனுக்காக இன்னைக்கு ஒரு தடவை விட்டுக்கொடுங்களேன்.”

“குண்டு விஷயத்துலயா? வேற எதாவது கேளு!”

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் இப்படி உற்சாகமாக உறுமுவதும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். மற்ற நாளெல்லாம் சோபாவும் டிவியும்தான்.

சோதனைக்கான தோட்டாக்களை அடைத்தது ஆர்டிஸ். பித்தளைக் கூட்டுக்குள் குண்டின் உடம்பு மறைந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இரண்டு ரகத்துக்கும் ஒன்றேதான். சிவப்புப் பெட்டியில் எது, நீலப் பெட்டியில் எது என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

மாறி மாறிச் சுட்டார்கள். சிவப்பு இடது பலகைக்கு, நீலம் வலது பலகைக்கு. எந்தப் பலகையில் ஓட்டைகள் அதிக நெருக்கமோ அந்த ரகத்துக்கு வெற்றி. முடிந்ததும் வெண்டல் வாளியும் சல்லடையுமாகப் பலகைகளுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டுக்குப் போனான். சுட்ட ஈயத்தைப் பொறுக்கி மறுபடி உருக்குகிற ஆள் அவன்.

லோரன் பலகைகளை உற்றுப் பார்த்தார். இரண்டிலும் ஓட்டைகள் ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடும் அளவுக்கு நெருக்கம்.

“ஆர்டிஸ், சிவப்பு எது?”

“நீள உடம்பு.”

“அப்ப நீலம் என்னுது! மாப்ளே, வந்து பாரு! என் குட்டை ஒரு நூல் நெருக்கம்!”

வெண்டல் வாளியோடு வந்தான். ஒரு கணம் அக்காவைப் பார்த்தான். பிறகு பலகைப் பக்கம் குனிந்தான்.

“மொதல்ல கண்ணாடியை மாத்துங்க மச்சான். நெருக்கம் என்னுதுதான்!”

“காத்து உனக்குச் சாதகமா அடிச்சுது!”

“காத்து என்ன, என் சொந்தக்காரனா? அடுத்த சனிக்கிழமை தூரத்தைக் கூட்டி வெச்சுப் பாத்துடுவோம்!”

“வா, பாத்துடுவோம்!”

லோரன் சீட்டியடித்துக்கொண்டே பலகைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றப் போனார். ஆர்டிஸ் காபிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். இன்னொரு சனிக்கிழமை கிடைத்துவிட்டது.

வெண்டல் அவள் பக்கத்தில் வந்து உள்ளங்கையை விரித்தான். மணலில் தோண்டி எடுத்த ஈயக் குண்டுகள். மூக்குகள் நசுங்கியிருந்தன. உடம்புகள் மட்டும் முழுசாக இருந்தன. எல்லாமே குட்டை.

“ரெண்டு பலகைக்குப் பின்னாடியும் சலிச்சேன். என் குண்டு ஒண்ணுகூட இல்லையேக்கா.”

ஆர்டிஸின் முகம் சிவந்தது. “வெண்டல், அது வந்து... நீ வீட்டுல தனியா...”

“ஷ்ஷ்!” வெண்டல் வண்டிப் பக்கம் பார்த்துக்கொண்டே குண்டுகளை வாளிக்குள் போட்டான். “அடுத்த வாரமும் இப்படியே அடைச்சுக் குடு. படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே எனக்குப் பிடிக்கலக்கா. மச்சானுக்கு வாய்ச்சண்டை போட வேற ஆள் இல்லையேன்னுதான் வாரா வாரம் சவரம் பண்ணிட்டுக் கிளம்பி வரேன்.”