ஆறு மணிப் பக்கம்

அவன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எடுத்தால் பாதையைப் பார்த்துவிடுவான். பார்த்தால் ஜெபராஜ் சார் கவனித்துவிடுவார். அப்புறம் வீடு போய்ச் சேரும்வரை கிண்டல்தான்.

ஐப்பசி. மழை குளத்தைப் பாதி நிரப்பியிருந்தது. வடக்கேயிருந்து ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கும் நாட்கள். முதல் கூட்டம் தண்ணீரைத் தொடுவதைப் பார்க்கத்தான் ஜெபராஜ் சாரோடு நாலைந்து பேர் இருட்டோடு எழுந்து கரைக்கு வந்திருந்தார்கள்.

அவன் வந்தது கோமதிக்காக.

புனேக்கு வேலைக்குப் போனவள், மூன்று வருடம் கழித்து தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். ஜெபராஜ் சார் போனில் கூப்பிட்டதற்கு, "வரப் பாக்கேன் சார்" என்றாளாம். வரப் பாக்கேன் என்றால் வருவேன் என்று எந்த ஊரிலும் எவனும் அர்த்தம் சொல்லமாட்டான். இவன் சொல்லிக்கொண்டான். நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பறவை பார்க்கிறவர்கள் விரல் நீட்டுவதில்லை. கை அசைந்தால் பறவை எழும்பிவிடும். கடிகாரத்தை வைத்துத் திசை சொல்வார்கள். நேர் எதிரே பன்னிரண்டு மணி. வலப்பக்கம் மூன்று மணி. முதுகுக்குப் பின்னால் ஆறு மணி.

ஊரில் இருந்தவரை கோமதி எப்போதும் அவன் பின்னால்தான் நிற்பாள். காதோரம் மெல்ல, "பத்து மணி" என்பாள். "ரெண்டு மணி" என்பாள். அவன் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே இல்லை. அவனும் வாத்தையும் கொக்கையும் தவிர வேறெதையும் அவளிடம் பேசியதில்லை. பேசியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

தண்ணீர் வெளுத்துக்கொண்டு வந்தது.

முதுகுக்குப் பின்னால் தணிந்த பெண்குரல்.

"ஆறு மணி."

அவன் திரும்பினான். முகம் நிறையச் சிரிப்போடு திரும்பினான்.

ஜெபராஜ் சாரின் மனைவி ரூத் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சார், பிளாஸ்க்கைத் திறந்தபடி. அவர்தான் மணி கேட்டிருக்கிறார்.

"என்னல இசக்கி, வாத்து ரோட்டு வழியாவா வருது?" என்றார் சார்.

ரூத் அக்கா சிரிக்கவில்லை. அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகாமல் கிடந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"நான் நேரத்தச் சொன்னேன், தம்பி."

அவன் தலையாட்டினான். ஆனால் குளத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்பிவிட்டால் கோமதி வரவில்லை என்று ஆகிவிடும்.

கருவேல மரங்களுக்கு நடுவே பாதை கிடந்தது. ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

தலைக்கு மேலே இறக்கைச் சத்தம்.

எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். சார் டீயை மறந்து தொலைநோக்கிக்கு ஓடினார். தண்ணீர் கிழியும் ஓசை ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாமல்.

ரூத் அக்கா ஊசிவாலை இதுவரை பார்த்ததில்லை. கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாதமாகச் சாரை நச்சரித்துத்தான் இன்று வந்திருந்தாள்.

அவள் ஒரு டம்ளர் டீயை ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். பிறகு தானும் குளத்துக்கு முதுகைக் காட்டி, அவன் பக்கத்தில் நின்று, பாதையைப் பார்த்தாள்.