மாமனார் கேட்ட கேள்விகள்

"வயித்தவலிக்கு எதுக்குங்க மனசு டாக்டரு? பல்லுவலிக்குச் செருப்புக் கடைக்குப் போறமாரி இருக்குதுங்களே."

பெற்றோர் கூட்டமே சிரித்தது. கோகிலவாணிக்கு மட்டும் அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. கேட்டது அவளுடைய மாமனார் லட்சுமணசாமி.

மதுக்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. பேச வந்திருந்தவர் குழந்தைகள் மனநல டாக்டர் நஸ்ரியா. பெங்களூரில் மேல்படிப்பு முடித்துவிட்டு, பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு வலிக்கிற பிள்ளைகளைப் பற்றியே பல வருசமாக ஆராய்ச்சி செய்கிறவர்.

கோகிலவாணி ஆசையாக வந்ததே அதற்குத்தான். மகள் அக்ஷயாவுக்கு இரண்டு மாதமாக அதே வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஓமத் தண்ணிக்கும் கேட்கவில்லை.

ஆனால் வந்து பார்த்தால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள், 'அந்தப் புள்ளைக்கு மண்டையில கோளாறாம்' என்று ஆக்கிவிடுவார்கள். பேசாமல் இருந்துவிட்டாள்.

மாமனார்தான் இருக்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "பயம் மனசுலதானுங்கய்யா. ஆனா வலி வயித்துல நெசமாவே வரும்."

"அப்ப புள்ளைக நடிக்கலைங்கறீங்க?"

"இல்லீங்க. அடிச்சுத் தொரத்துனா அதிகமாகும். ஊட்டுலயே வெச்சுக்கிட்டாலும் பயம் வளரும். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கோணும்."

"மாத்திரையக் குடுத்துத் தூங்க வெச்சுப்போடுவீங்க, அதானுங்களே?"

"பெரும்பாலும் பேச்சுதானுங்க. அவசியம்னாத்தான் மாத்திரை."

"நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வாரப்போ, உங்ககிட்ட வந்த கதைய வெளிய சொல்லிப்போட்டீங்கன்னா?"

"எங்க ஆஸ்பத்திரிச் செவுத்துக்குக்கூடச் சொல்ல மாட்டமுங்க."

"பெருசுக்கு இன்னிக்குப் பொழுது போகலையாட்ட இருக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு.

மாமனார் விடுவதாக இல்லை. "இதையும் நம்பி எந்த ஏமாளி வாரான்னு பாக்கறேன். ஆஸ்பத்திரி எங்கீங்க இருக்குது?"

"சரவணம்பட்டியிலீங்க. சனிக்கிழமை பூரா இருப்பேன்."

"இருங்க, இருங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் பின்னால் மாமனார். கோகிலவாணி பாதி வழி வரை பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏனுங்க மாமா, அவ்வளவு படிச்சவங்கள நாலு பேர் முன்னால இப்படியா கிண்டல் பண்ணுவீங்க? ஊரே உங்களப் பாத்துச் சிரிக்குது."

"என்னப் பாத்துத்தான சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போறாங்க. சனிக்கிழமை புள்ளையக் கூட்டிட்டுப் போலாம், நானும் வாரேன்" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நீ அவங்ககிட்டக் கேக்கோணும்னு நெனச்சதுல, ஏதாச்சும் உட்டுப்போட்டனா அம்மணி?"