டீக்கடை வளைவு

சேவியர் மாடி அறையில் பொம்மைக் கார் பந்தயத்துக்குப் பாதை கட்டியிருந்தார். பாதையில் கீறிய பள்ளத்தில் தம் அடியிலுள்ள ஊசியை நுழைத்துக்கொண்டு கார்கள் ஓடும். எப்போதும் ஜெயிக்கும் சிவப்புக் கார், ஒருநாள் வளைவில் வேகம் மிஞ்சித் தெறித்து, ஓரத்தில் அவர் செய்துவைத்த குன்றில் கவிழ்ந்தது.

“அடிபட்டுச்சா?” என்றது பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் செய்த மரம்.

கார் கவிழ்ந்தபடியே சுற்றிப் பார்த்தது. எதிரே தீப்பெட்டியில் செய்த ஒரு டீக்கடை. அரிசியளவு தம்ளர்கள். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு பொடிச் செங்கல்.

“இதெல்லாம் எப்ப வந்துச்சு?”

“நீ வர்றதுக்கு முன்னாடியே. தினம் நூறு தடவை இதைத் தாண்டித்தான் போறே.”

“அந்தச் செங்கலை யாரு பார்ப்பாங்கன்னு வச்சாரு?”

“எனக்கும் தெரியல. ஒரு சாயங்காலம் முழுக்க அதைத்தான் செதுக்கினாரு.”

அதன்பின் கார் தினமும் அங்கேயே கவிழ்ந்தது, நீலக் காரிடம் தோற்றது. சேவியர் சக்கரத்தைத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் வளைவோரம் கடுகளவு எழுத்தில் ஒரு பலகை நட்டார்.

“மெதுவாப் போகச் சொல்லி எழுதியிருக்காரு,” என்றது மரம்.

“கிட்ட வந்து பார்க்கறேன்,” என்று கார் வேகத்தைக் கூட்டியது.